ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’... காசநோய் வந்துவிட்டதா?

கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் லேபிலிருந்து வந்த சீட்டைக் கொடுத்து, அதில் ‘டி.பி. – பாசிட்டிவ்’ என்று எழுதியிருந்தால், அதற்கப்புறம் வேறு எந்த எழுத்தும் அவள் கண்ணில் படாது. சாப்பாடு இறங்காது. தூக்கம் வராது. பிள்ளையைத் தூக்கலாமா, பால் கொடுக்கலாமா, புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று மனசு கிடந்து தவிக்கும்.

சகோதரிகளே! அப்படி ஒரு சீட்டு உங்கள் வீட்டுக்கும் வரலாம். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் மற்றவர்களையும் சோதிக்கிறார்கள். மூட்டுவாதத்துக்குச் சில வகை ஊசி போடுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைக் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் நம் பெண்களிடமும் கேட்பதுண்டு. ஆகவே அந்த ‘பாசிட்டிவ்’ எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பதற்றம் இல்லாத நேரத்தில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் தெருவில் நடந்தது

நான் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும், அது கரண்ட் பில்லோ, பாங்க் கடிதமோ, நேராக என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். அப்படித்தான் அந்தச் சீட்டும் வந்தது.

மாமனார் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். விடியுமுன் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புவது. இரண்டு மாதமாக இருமல். “மலைக் குளிருக்குத் தேன் அப்படி” என்று கஷாயம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. அவருக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். பிறகு தனியார் லேபில் மருமகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். வயது இருபத்து மூன்று. ஒன்றரை வயதில் பெண் குழந்தை, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. சீட்டில் ‘பாசிட்டிவ்’!

லேபில் சீட்டைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அன்று மாலையே மாமியார் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். “பிள்ளையை எங்கிட்ட குடுத்திரு, நீ கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுல இரு” என்று சொல்லிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையில் நோய் உள்ள மாமனார் கூடத்தில் வழக்கம்போல உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நோய் இல்லாத மருமகளுக்குத் தனித் தட்டு!

“டீச்சர், எனக்கு இருமலே இல்லையே... நல்லாத்தேன இருக்கேன். எப்படி டீச்சர் டி.பி.ன்னு வந்துச்சு?” என்று கேட்டாள் அந்தப் பெண். அவள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

நீறு பூத்த நெருப்பு

தொற்று வேறு, நோய் வேறு. இந்த ஒன்றை மட்டும் மனதில் ஆணி அடித்தாற்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அதை மூச்சில் இழுக்கிறார். உள்ளே போன கிருமியை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சும்மா விடுவதில்லை. சுற்றி வளைத்து, மூலையில் அடக்கி வைத்துவிடுகிறது. கிருமி செத்தும் போகலாம், சாகாமல் உறங்கியும் கிடக்கலாம். அந்த ஆளுக்கு இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, எக்ஸ்ரேயில் கோளாறு தெரியாது, அவரால் மற்றவருக்குத் தொற்றவும் தொற்றாது. இதுதான் ‘தொற்று’.

விறகடுப்பு அணைந்த பிறகு சாம்பலைக் கிளறினால் உள்ளே கங்கு இருக்கும் அல்லவா? அதற்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் நீறு பூத்த நெருப்பு. அந்தக் கங்கால் சோறும் பொங்காது, கூரையும் பற்றாது. காற்றடித்தால்தான் வம்பு. உடம்பு பலவீனப்படும்போது உறங்கும் கிருமி விழித்துப் பெருகினால், அப்போதுதான் அது ‘நோய்’.

தொற்று உள்ள நூறு பேரில் வாழ்நாள் முழுவதும் பார்த்தாலும் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் நோயாக மாறுகிறது. மற்றவர்கள் அது இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருந்துவிட்டுப் போகிறார்கள். அப்படி மாறுவது பெரும்பாலும் தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு ஆண்டுகளில். வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தவுடன் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சோதிப்பது இதற்காகத்தான்.

இந்தச் சோதனை என்ன செய்கிறது?

‘இக்ரா’ என்று இதற்குப் பெயர். குவாண்டிஃபெரான் என்பது இதில் ஒரு வகை. அந்த மருமகளின் சீட்டும் அந்த வகைதான். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து நான்கு சிறு குழாய்களில் விடுகிறார்கள். இரண்டு குழாய்களில் காசநோய்க் கிருமியின் புரதத் துணுக்குகள் இருக்கும். உயிருள்ள கிருமி அதில் கிடையாது. ஒரு குழாயில் ஒன்றுமே இருக்காது. நான்காவதில் ரத்த அணுக்களை நன்றாகத் தூண்டிவிடும் ஒரு பொருள் இருக்கும். நம் உடம்புச் சூட்டிலேயே 16 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து, பிறகு அளந்து பார்க்கிறார்கள்.

எதை அளக்கிறார்கள்? நம் வெள்ளை அணுக்கள் ஒரு முறை கண்ட எதிரியை மறப்பதில்லை. பழைய கள்ளனைக் கண்டால் தெரு நாய் குரைப்பதுபோல, அந்தப் புரதத்தைக் கண்டதும் ‘இன்டர்ஃபெரான் காமா’ என்ற பொருளைச் சுரக்கின்றன. காசநோய்க் குழாயில் அது கூடுதலாகச் சுரந்திருந்தால் ‘பாசிட்டிவ்’. அதாவது, உங்கள் அணுக்களுக்கு இந்தக் கிருமியை ஏற்கெனவே தெரியும். அவ்வளவுதான் சேதி. கிருமி இப்போது உறங்குகிறதா, விழித்திருக்கிறதா, செத்தே போய்விட்டதா என்று சோதனைக்குச் சொல்லத் தெரியாது.

ஒன்றும் இல்லாத குழாயும், தூண்டிவிடும் குழாயும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. தூண்டிவிட்டும் அணுக்கள் சுரக்கவில்லை என்றால், அவை சோர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அப்போது சீட்டில் ‘நிச்சயமில்லை’ என்ற பொருளில் முடிவு வரும். அது பாசிட்டிவும் அல்ல, நெகட்டிவும் அல்ல. திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

குவாண்டிஃபெரான் சீட்டில் ஒரு எண்ணும் இருக்கும். 0.35 என்பது எல்லை. அதற்கு மேல் போனால் பாசிட்டிவ். நம் மருமகளுக்கு 1.8 என்று இருந்தது. “அஞ்சு மடங்கு கூடவா இருக்கு!” என்று அவள் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டான். சர்க்கரை அளவு மாதிரி இதைப் படிக்கக் கூடாது. எண் பெரிதாக இருந்தால் நோய் பெரிது என்று அர்த்தமில்லை. எல்லையை ஒட்டி வந்த எண், மறுபடி சோதித்தால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்வதும் உண்டு.

“சின்ன வயசுல பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு இருக்கே, அதனால பாசிட்டிவ் காட்டுமோ?” என்று பலர் கேட்கிறார்கள். முன்கையில் ஊசி குத்தி, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை ஸ்கேல் வைத்து அளக்கும் பழைய மாண்டூ சோதனையில் அந்தக் குழப்பம் உண்டு. இக்ரா சோதனையில் பயன்படுத்தும் புரதங்கள் பி.சி.ஜி. மருந்தில் இல்லை. ஆகையால் தடுப்பூசித் தழும்புக்கும் இந்தப் பாசிட்டிவுக்கும் சம்பந்தம் கிடையாது.

எந்த ரத்தப் பரிசோதனை? பெயரைப் பாருங்கள்

ரத்தத்தில் காசநோயைப் பார்க்கிறோம் என்று சொல்லும் சோதனை எல்லாம் ஒன்றல்ல. ஒரு காலத்தில் ‘டி.பி. ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம்.’ என்ற ரத்தச் சோதனை தனியார் லேப்களில் சர்வசாதாரணமாக நடந்தது. இருப்பவருக்கு இல்லை என்றும், இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் தவறாகக் காட்டியதால், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் சொன்னது. 2012-ல் இந்திய அரசு அந்தச் சோதனைப் பொருள்களை இறக்குமதி செய்யவும், தயாரிக்கவும், விற்கவும், பயன்படுத்தவும் தடை போட்டது. ஆகவே உங்கள் பழைய ஃபைலில் அந்தப் பெயரோடு சீட்டு இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இக்ரா தடை செய்யப்பட்ட சோதனை அல்ல. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தொற்றைக் காட்டலாமே தவிர, நோய் இருக்கிறதா என்று முடிவு கட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது. அதை மட்டும் பார்த்து ஒருவருக்குக் காசநோய் என்று சொல்லி முழு மருந்து ஆரம்பிப்பது சரியில்லை. அதேபோல், இருமலும் காய்ச்சலும் எடை குறைவும் உள்ளவருக்கு இது நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

பத்துப் பேரில் மூன்று பேர்!

இன்னொரு சேதி கேளுங்கள். 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் ஒரு பெரிய காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அதில் முக்கியப் பங்கு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தை இதே இக்ரா முறையில் பார்த்தார்கள். சுமார் 31 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ்! அதே கணக்கெடுப்பில், சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் உள்ளவர்கள் லட்சத்துக்கு 316 பேர். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொற்று உள்ளவர்கள் லட்சத்தில் முப்பத்தோராயிரம் பேர். நோய் உள்ளவர்கள் சில நூறு பேர்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், சந்தையில் காய் வாங்க நிற்கும் பத்துப் பேரில் மூன்று பேருக்குப் பாசிட்டிவ் வரக்கூடும். தனித் தட்டு வைத்த அந்த மாமியாருக்கே வரலாம்! நான் இதைச் சொன்னதும் அவர், “அடி ஆத்தி! அப்ப எனக்கும் இருக்குமா?” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “இருந்தாலும் இருக்கலாம்மா. அதுக்காக உங்களுக்கு யாராச்சும் தனித் தட்டு வச்சாங்களா?” என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. தட்டு மட்டும் மறுநாள் அலமாரிக்குள் போய்விட்டது.

சீட்டு வந்த பிறகு செய்ய வேண்டியது

அந்தப் பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே முதலில் கேட்ட கேள்விகள் நான்கு. இருமல் இருக்கிறதா? சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா? எடை குறைந்ததா? இரவில் ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வேர்க்கிறதா? குழந்தையைப் பற்றித் தனியாகக் கேட்டார்கள். எடை ஏறுகிறதா, முன்போல விளையாடுகிறதா, காய்ச்சல் இருமல் உண்டா?

பிறகு நெஞ்சு எக்ஸ்ரே. சந்தேகம் இருந்தால் சளியை ‘சிபிநாட்’ அல்லது ‘ட்ரூநாட்’ இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் அது சொல்லிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் காசு கிடையாது. நம் மாவட்டத்தில் க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்லிவிடுவார்கள்.

எக்ஸ்ரேயும் சுத்தம், தொந்தரவும் இல்லை என்றால் நோய் இல்லை, தொற்று மட்டுமே. நம் மருமகளுக்கு அப்படித்தான். அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குழந்தையை வாங்கி இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

கங்கை அணைக்கும் மாத்திரை

நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் தடுப்பு மாத்திரை. இந்த வரிசை மாறக் கூடாது. நோய் இருப்பவருக்குத் தடுப்பு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அரைகுறை மருந்துக்குக் கிருமி பழகிவிடும்.

பாசிட்டிவ் வந்த எல்லோருக்கும் மாத்திரை தேவையா? இல்லை. நோயாக மாறும் ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்குத்தான் முதலிடம். நம் நாட்டில் 2021-ல் வந்த வழிமுறைப்படி, காசநோயாளியின் வீட்டில் உள்ளவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்கள், கல் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் ஆகியோருக்கு இது உண்டு.

தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டில் நுரையீரல் காசநோயாளி இருந்தால், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரத்தச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னால் போதும், தடுப்பு மருந்து ஆரம்பித்துவிடலாம். சின்னக் குழந்தைகளுக்குத் தொற்று சீக்கிரம் நோயாக மாறும். மூளைக்குப் போகும் கொடிய வகையும் அவர்களுக்குத்தான் அதிகம். பெரியவர்களுக்கும், இக்ரா வசதி இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டாம் என்பதுதான் வழிமுறை.

மாத்திரை பொதுவாக இரண்டு வகை. ஐசோனியாசிட் தினம் ஒரு வேளை, ஆறு மாதம். அல்லது ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு தடவை, பன்னிரண்டு வாரம். ஒழுங்காக முடித்தால் நோய் வராமல் 60 முதல் 90 சதவீதம் வரை காப்பாற்றுகிறது. நோயாளிக்கு வந்திருப்பது மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் கணக்கே வேறு. அதனால் நோயாளியின் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

பெண்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. கர்ப்பமாக இருக்கிறீர்களா, பால் கொடுக்கிறீர்களா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ரிஃபாபென்டின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அது சிபாரிசு செய்யப்படுவதும் இல்லை. அதைச் சாப்பிடும் நாளில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம்.

ஐசோனியாசிடோடு பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி-6 மாத்திரையும் தருவார்கள். கை கால் மரத்துப் போகாமல் இருக்க அது. பசியே இல்லாமை, ஓயாத வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் காப்பி நிறத்தில் போதல், இவற்றில் ஏதாவது வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். ஈரலுக்குத் தொந்தரவாக இருக்கலாம். மாத்திரை சாப்பிடும் ஆண்கள் சாராயத்தைத் தொடவே கூடாது.

எங்கள் தெருப் பெண்ணுக்கு ஆறு மாத மாத்திரை. குழந்தைக்கும் எடை பார்த்து அளவோடு கொடுத்தார்கள். விளக்கேற்றும் நேரத்தில் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டதால் ஒரு நாள்கூடத் தவறவில்லை. முடித்துவிட்டாள்.

தாய்ப்பால், தட்டு, டம்ளர்

தொற்று மட்டும் உள்ள தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். காசநோய் தாய்ப்பால் வழியாகப் பரவுவதில்லை. நோயே இருந்து மருந்து சாப்பிடும் தாயும், டாக்டர் சொல்வதைக் கேட்டு, முகத்தை மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம்.

தட்டு, டம்ளர், துணி, சோப்பு, கக்கூஸ் இவற்றால் இது பரவாது. பரவுவது காற்றில். ஜன்னலைத் திறந்து வைப்பதும், நோயாளி இருமும்போது துண்டால் வாயை மூடுவதும்தான் தடுக்கும். தட்டைப் பிரிப்பதால் மனசுதான் பிரியும்.

இதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஒன்று ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த நாளில் நோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்காகத் தனியே வைப்பார்கள். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே சோதித்தார்கள். நெருக்கடியான ஏழை வீடுகள், சத்துக் குறைவான சாப்பாடு. ஆனாலும் வீட்டு நோயாளிகளும் சானடோரியத்துக்காரர்களைப்போலவே குணமானார்கள். ஐந்து வருடம் கவனித்தும், வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்து ஆரம்பித்ததும் நோயாளியிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆபத்தான நாள்கள், இருமலுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருந்த நாள்கள்தான்! உலகம் முழுவதும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதற்குச் சென்னையில் நடந்த இந்த ஆராய்ச்சி வழி திறந்தது.

அடுப்படியில் இருக்கும் மருந்து

கங்கு பற்றாமல் இருக்க உடம்பில் தெம்பு வேண்டும். இது வெறும் பாட்டி வைத்தியப் பேச்சில்லை. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ‘ரேஷன்ஸ்’ என்ற ஆராய்ச்சி நடந்தது. 2023-ல் வெளியானது. காசநோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக வைத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் புதிதாகக் காசநோய் வந்தது சுமார் 40 சதவீதம் குறைந்தது!

ஒன்றரைக் கிலோ பருப்பு என்றால் ஒரு நாளைக்கு 50 கிராம், ஒரு கைப்பிடி. நம் வீடுகளில் பருப்புச் சட்டியில் தெளிவு பெண்களுக்கும் கெட்டி ஆண்களுக்கும் போவதுதானே வழக்கம்? கடைசியில் சாப்பிட உட்காரும் மருமகளுக்குச் சட்டியின் அடியில் என்ன மிச்சம்? இரு போகம் நெல் விளையும் ஊர், தோட்டத்தில் முருங்கை, கடையில் மொச்சையும் தட்டாம்பயறும், கேழ்வரகு, முட்டை, நிலக்கடலை என்று எல்லாம் கிடைக்கிறது. இதில் பெண்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டுப் பரிமாறுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. அதைக் கட்டுக்குள் வையுங்கள். பீடிப் புகையும் அந்த ஆபத்தைக் கூட்டும் என்று வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள்.

அடிக்கடி கேட்கும் சில சந்தேகங்கள்

மாத்திரை முடித்த பிறகு மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கலாமா?
வேண்டாம். அணுக்களின் ஞாபகம் அழியாது. மாத்திரை முடித்த பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டலாம். காசும் போய், பயமும் திரும்பி வரும்.

முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கு?
அவர்களுக்கும் பாசிட்டிவ் வரலாம். அதனால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை.

நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?
தொற்று ஏற்பட்டு இரண்டு மாதம்வரை சோதனையில் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் நோயாளி இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்குப் பாசிட்டிவ் வந்தால்?
டாக்டர் பார்த்து நோய் இல்லை, தொற்று மட்டுமே என்று உறுதியானால், யாருக்கும் பரவப்போவதில்லை. ஒரு கல்யாணத்தை நிறுத்த இது காரணமே இல்லை.

யாரிடம் கேட்பது?
1800-11-6666 என்ற இலவச எண்ணில் காசநோய் பற்றி எதையும் கேட்கலாம்.

கடைசியாக, நினைவில் வைக்க

* சீட்டில் எந்தச் சோதனை என்று பெயரைப் பாருங்கள்.
* பாசிட்டிவ் என்றால் முதலில் தொந்தரவு விசாரணை, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சளிச் சோதனை. மாத்திரை அதற்குப் பிறகுதான்.
* ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை முதலில் காட்டுங்கள்.
* ஆரம்பித்த மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள்.
* எப்போது இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், மாலைக் காய்ச்சல் வந்தாலும், எடை குறைந்தாலும் பழைய சீட்டோடு டாக்டரிடம் போங்கள்.

குழந்தையின் தடுப்பூசி அட்டை வைத்திருக்கும் உறையிலேயே அந்தச் சீட்டையும் வைத்துவிடுங்கள். மாத்திரை முடித்த தேதியை அதன் பின்னால் எழுதி வையுங்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் கேட்டால், எடுத்துக் காட்டச் சௌகரியமாக இருக்கும்.